அட்டவணையில் விடுபட்ட ஓர் எண்

டிசம்பர் 22 வந்தால் கல்லூரிகளில் தேசியக் கணித நாள் விழா எடுப்பது 2012 முதல் வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய விழா ஒன்றில் தமிழ்த்துறையின் சார்பில் பத்து நிமிடம் பேசும்படி நம்மைப் பணித்தார்கள். எல்லோரும் பேசுவதையே நாமும் பேசினோம். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை எழுதிக் காட்டியது, மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர் வாடகைக் காரின் எண்ணாகிய 1729ஐக் கேட்டவுடன் அதன் சிறப்பைச் சொன்னது. கைதட்டலுக்குக் குறைவில்லை.

விழா முடிந்து பேருந்துக்காக நின்றிருந்தபோது முதலாமாண்டு மாணவி ஒருத்தி அருகே வந்தாள். சிங்காரப்பேட்டையில் முட்டைக் கடை வைத்திருப்பவரின் மகள். "ஐயா, கனவுல தாயார் வராதவங்க கணக்குப் படிச்சு என்னா ஆகப்போவுது?" என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை என்பதுதான் நம்மைச் சங்கடப்படுத்தியது. அன்று பதில் சொல்ல இயலவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டோம். பின்னர்த் தேடிப் படித்ததையும், கணிதத்துறை நண்பரைத் தொல்லை செய்து கற்றதையும் இங்கே எழுதுகிறோம். கணிதம் நம் துறையன்று. ஆயினும் இதில் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மேற்பட்ட கணக்கு அதிகமில்லை. இலக்கிய வாசகர்கள் அஞ்ச வேண்டாம்.

முட்டைக் கடையிலிருந்தே தொடங்கலாம். முட்டைத் தட்டு ஒன்றில் 30 குழிகள். இந்த முப்பதை மீதமின்றிப் பங்கிடக்கூடிய எண்கள் 1, 2, 3, 5, 6, 10, 15, 30 என எட்டு. ஆனால் 24ஐயும் எட்டு எண்கள் மீதமின்றி வகுக்கும்: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. ஆக, பங்கிடும் வசதி மட்டுமே நோக்கமானால் ஆறு முட்டைகளைத் தட்டில் கூடுதலாக அடுக்கியதில் பயனொன்றுமில்லை. 24க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் எட்டு காரணிகள் கிடையா. தனக்குக் கீழுள்ள அத்தனை எண்களையும்விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட எண்ணுக்கு இராமானுஜன் ஒரு பெயரிட்டார். அதைத் தமிழில் 'உயர் பகு எண்' எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அவ்வரிசை செல்கிறது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, சுழற்சிக்கு 60 ஆண்டு, கலத்துக்கு 12 மரக்கால் என்று நம் முன்னோர் அளந்ததும், வட்டத்துக்கு 360 பாகை என்று உலகம் அளப்பதும் இவ்வரிசையின் எண்களைக் கொண்டே. பங்கு போட வேண்டியிருந்தவர்கள் இவற்றைக் கண்டடைந்திருக்கிறார்கள். ஆனால் இவ்வரிசையின் போக்கை முறையாக ஆராய்ந்து ஒரு நூலளவுக்கு எழுதியவர் கும்பகோணத்துக்காரர்.

இராமானுஜன் ஈரோட்டில் பிறந்தது 1887 டிசம்பர் 22 அன்று. தமிழ் படித்தவர்களுக்கு அவ்வாண்டு வேறொரு காரணத்தால் நினைவிருக்கும். உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த ஆண்டு அது. ஐயரவர்கள் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். 1904இல் இராமானுஜன் உதவித்தொகையுடன் கும்பகோணம் கல்லூரிக்குள் நுழைந்தார். ஓராண்டு இடைவெளியில் இருவரும் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்வது வீண்வேலைதான்; இருந்தும் ஒருவர் ஏட்டிலும் மற்றவர் சிலேட்டிலும் ஒரே ஊரில் விடாமல் கண்ணைப் பதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்குப் பிடித்த செய்தி. இதற்குப் பின்னர் வருவோம்.

கணக்கைத் தவிர மற்றவற்றைக் கவனியாததால் உதவித்தொகை போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தாள் வாங்கப் பணமில்லாமையால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் செய்தியை நாம் வழக்கமாக வறுமையின் சான்றாக மட்டும் சொல்வோம். அதற்கு வேறொரு விளைவும் உண்டு. வழிமுறை முழுவதும் முழங்கையோடு போயிற்று; எஞ்சியவை முடிவுகள் மட்டுமே. வழி தெரியாமல் முடிவை மட்டும் காண்பவருக்கு அது வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றுவது இயல்பே. தாயார் கதை வேர்விட்ட மண் இதுதான் என்பது நம் எண்ணம். அவருடைய பக்தியை நாம் ஐயுறவில்லை. அது அவர் குடும்பத்தின் நம்பிக்கை, அவரே சொன்னதும்கூட. ஆனால் பக்தியைச் சொன்ன நாம் சிலேட்டை மறந்தோம்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் பயணம். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. கேம்பிரிட்ஜில் அவருக்குத் தாள் தட்டுப்பாடில்லை. அங்கிருந்து எழுதிய முதல் பெரிய ஆய்வுதான் உயர் பகு எண்களைப் பற்றியது. 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 347ஆம் பக்கம் முதல் 409ஆம் பக்கம் வரை, அறுபது பக்கங்களுக்கு மேல் வெளியாயிற்று. இதற்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் வழியான பி.ஏ. பட்டம் அளித்தது. எஃப்.ஏ.வைத் தாண்டாதவர் பெற்ற பட்டம். உண்மையில் கட்டுரை இன்னும் நீளமானது. உலகப் போர்க்காலத்தில் கழகத்துக்குப் பணமுடை. ஆகையால் பின்பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி 1988இல் கையெழுத்துப் படியாகவும், ழான் லூயி நிக்கோலா, கி ரொபேன் ஆகிய இரு பிரெஞ்சுக் கணிதவியலரின் குறிப்புகளோடு 1997இல் அச்செழுத்திலும் வெளிவந்தது.

அச்சான பகுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியதே. 2இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களை, ஒவ்வொன்றின் காரணிகளின் எண்ணிக்கையோடும் பகாக்காரணிகளோடும் வரிசையாக அடுக்கியிருக்கிறார். கடைசி எண் 6746328388800. நம் முறையில் சொன்னால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள். ஒரு வாரத்தில் எத்தனை நிமிடங்கள் என்று பெருக்கிப் பாருங்கள், அதே 10,080 வரும். இதெல்லாம் கணிப்பொறிக்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன், பேனாவால் போட்ட கணக்கு.

கணக்கின் உள்ளமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும். 12 என்பது 2×2×3. அதன் காரணியொன்றை உருவாக்க 2ஐ எடுக்காமலோ, ஒருமுறையோ, இருமுறையோ எடுக்கலாம், மூன்று வழிகள். 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழிகள். மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு. எவ்வளவு பெரிய எண்ணாயினும் கணக்கு இதுவே: ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். உயர் பகு எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்கைவிடக் குறையாது என்றும், கடைசிப் பகா எண் ஒரேயொரு முறைதான் வரும், 4, 36 ஆகிய இரண்டும் மட்டுமே இதற்கு விலக்கு என்றும் இராமானுஜன் நிறுவினார். இவ்வளவு தெரிந்த பின்னும் வேலை எளிதன்று. அடுத்த உயர் பகு எண் எது என்பது ஓயாத பேரம்: மேலும் ஒரு 2ஐச் சேர்ப்பதா, ஒரு 7ஐச் சேர்ப்பதா, அல்லது புதிய பகா எண்ணையே அழைப்பதா? புதியது காரணிகளை இரட்டிப்பாக்கும், ஆனால் எண்ணைப் பன்மடங்கு பெரிதாக்கிவிடும். பழையது குறைவாகத் தரும்; விலையும் குறைவு.

இந்தப் பேரத்தில் தனிச்சிறப்பு உடைய சில எண்களுக்கு அட்டவணையில் உடுக்குறி இட்டார். 13967553600 அவற்றுள் ஒன்று. 2இன் ஆறாம் அடுக்கு, 3இன் மூன்றாம் அடுக்கு, 5இன் இரண்டாம் அடுக்கு, பிறகு 7, 11, 13, 17, 19 ஒவ்வொன்று. காரணிகள் 2688. அடுத்த உடுக்குறி எண் இதை 23ஆல் பெருக்கக் கிடைப்பது: 321253732800, காரணிகள் 5376. இவ்விரண்டுக்கும் இடையில் அட்டவணை ஒரு படிக்கட்டாக ஏறுகிறது. இரண்டாவதற்கு உடனே முன்னதாக அச்சாகியிருக்கும் எண் 240940299600, காரணிகள் 4800.

இங்கேதான் ஒரு படி இல்லை. 240940299600க்கும் 321253732800க்கும் இடையே 293318625600 என்று ஓர் எண் இருக்க வேண்டும். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. காரணிகள் 5040. 4800ஐவிடக் கூடுதல், தனக்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இலக்கணப்படி இது உயர் பகு எண். இராமானுஜனின் அட்டவணையில் இது மட்டும் இல்லை. பிற்காலத்தில் சரிபார்த்தவர்கள் கண்ட ஒரே விடுபாடு இது.

எப்படி விடுபட்டது? கையின் சறுக்கலா, அச்சுக் கோப்பவரின் சறுக்கலா என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் எண்ணின் உருவத்தைப் பார்த்தால் அது கண்ணுக்குத் தப்பக்கூடிய இடத்தில் இருப்பது புரிகிறது. அப்பகுதியில் இரண்டு குடும்பங்கள் மாறிமாறி வருகின்றன. ஒரு குடும்பத்தின் கடைசிப் பகா எண் 19. அதில் 7 இருமுறை வரும். மற்றதன் கடைசிப் பகா எண் 23. அதில் 7 ஒருமுறை. 97772875200 முன்னதைச் சேர்ந்தது. 128501493120 பின்னது. 146659312800 மீண்டும் முன்னது. அதன் பின் 160626866400, 240940299600 என்று 23இன் குடும்பம் இருமுறை தொடர்ந்து வந்துவிடுகிறது. அடுத்து உடுக்குறி எண்ணும் 23இன் குடும்பமே. அங்கிருந்து அட்டவணையின் கடைசி வரை 23ஆல் வகுபடாத எண்ணே இல்லை. 19இன் குடும்பத்துக்கு ஆட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும் இடத்தில் அது கடைசியாக ஒருமுறை தலைகாட்டுகிறது. அந்தக் கடைசி எண்தான் விடுபட்டது. ஏடு படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஒரேபோல் தொடங்கும் இரு அடிகளுக்கு நடுவே வேறுவிதமாகத் தொடங்கும் ஓர் அடி இருந்தால், படியெடுப்பவரின் கண் முதலடியிலிருந்து மூன்றாமடிக்குத் தாவிவிடும். இங்கு நடந்ததும் அதுவாகவே இருக்கலாம் என்பது நம் ஊகம்.

இவ்வெண்ணைப் பெறும் வழி எளிது: 13967553600ஐ 21ஆல் பெருக்கினால் போதும். 23ஆல் பெருக்கினால் அடுத்த எண். 21 என்பது 3×7. ஒரு 3 கூடுவதால் நான்கு வழிகள் ஐந்தாகின்றன. ஒரு 7 கூடுவதால் இரண்டு வழிகள் மூன்றாகின்றன. 2688ஐ நான்கால் வகுத்து ஐந்தால் பெருக்கி, இரண்டால் வகுத்து மூன்றால் பெருக்க, 5040. இனி 21ஆலும் 23ஆலும் சேர்த்தே பெருக்குங்கள். கிடைப்பது 6746328388800. அட்டவணையின் கடைசி எண்! அதாவது, அட்டவணையில் இடம்பெறாத எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையை முடித்துவைக்கும் எண் வந்துவிடுகிறது. விடுபட்டது ஒருவகையில் கடைசி வரியின் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அதன் விந்தை இதோடு முடிவதில்லை. 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் அதை மீதமின்றி வகுக்கலாம். 23இல் முதன்முறையாக மறுக்கிறது. 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச்சிறிய எண் 232792560. நம் எண் அதைப்போல் சரியாக 1260 மடங்கு. 1260ம் ஓர் உயர் பகு எண்ணே.

காரணிகளின் எண்ணிக்கையாகிய 5040க்கு நெடிய வரலாறு உண்டு. பிளேட்டோ முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலில், புதிதாக அமைக்கும் நகருக்கு 5040 குடும்பங்கள் இருக்கட்டும் என்கிறார். போருக்கும் அமைதிக்கும் வரிக்கும் நிலப்பங்கீட்டுக்கும் மக்களைப் பிரிக்க நேரும்போது இவ்வெண் தன்னைத்தவிர 59 வகையில் வகுபடும், 1 முதல் 10 வரை தொடர்ச்சியாக வகுபடும் என்பது அவர் சொல்லும் காரணம். 11ஆல் மட்டும் வகுபடாததற்கும் சமாதானம் வைத்திருக்கிறார்: இரண்டு குடும்பங்களை நீக்கிவிட்டால் வகுபடும். (5038 = 11×458. சரிதான்.) தத்துவ ஞானி ஊர்க் கணக்குப்பிள்ளையைப் போல இரண்டு குடும்பங்களைத் தள்ளிவைத்துக் கணக்கை நேர்செய்யும் இடம் நமக்கு மிகவும் பிடிக்கும். அந்த 5040ம் உயர் பகு எண்தான், காரணிகள் 60. 60 ஓர் உயர் பகு எண், காரணிகள் 12. 12ம் அவ்வாறே, காரணிகள் 6. 6க்கு 4, 4க்கு 3. 29,331 கோடியில் தொடங்கிய எண், உயர் பகு எண்களின் வழியாகவே படிப்படியாக இறங்கி, மூன்றில் வந்து நிற்கிறது. காரணிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை காரணிகள் என்னும் இந்த இரண்டாம் அடுக்குக் கேள்வியையும் இராமானுஜனே 1915இல் எழுப்பினார். அதன் உச்ச அளவை முழுமையாக அறுதியிட்டுக் கணிதவியலர் நால்வர் கட்டுரை வெளியிட்டது 2012இல். நூறாண்டுக்கு மூன்றாண்டுதான் குறைவு.

5040 இன்னோர் இடத்திலும் வருகிறது. முன்னர்க் குறிப்பிட்ட ரொபேன் 1984இல் ஒன்றை நிறுவினார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகை குறிப்பிட்ட வரம்பொன்றுக்குள் அடங்குகிறதா என்பது கேள்வி. 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அடங்குமானால் ரீமானின் கருதுகோள் உண்மை; ஒன்றேனும் மீறினால் பொய். கணிதத்தில் இன்றளவும் தீராத பெருங்கேள்விகளுள் ஒன்று பிளேட்டோவின் நகர எண்ணைத் தாண்டிப் போய் நிற்கிறது. இராமானுஜனின் அச்சேறாத பகுதியில், ரீமானின் கருதுகோளை ஏற்றுக்கொண்டால் போதிய அளவு பெரிய எண்களுக்கு இத்தொகை அவ்வரம்பைத் தாண்டாது என்பது ஏற்கெனவே இருந்தது. தாள் செலவுக்காக அறையில் வைத்த பக்கங்களில் அது அவருக்குப் பின்னும் நெடுங்காலம் காத்திருந்தது.

பதிப்பு வேலைக்கு வருவோம். புறநானூற்றை ஐயரவர்கள் 1894இல் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. சிதைந்த இடங்களில் புள்ளி வைத்தார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எத்தனை பெரிய புலவராயினும் அவ்விடங்களைத் தாமே எழுதி நிரப்பமுடியாது. நிரப்பினால் அது பிழைப்பட்ட பாடம். இலக்கியத்தில் இழந்தது இழந்ததே. எண்ணின் உலகில் அப்படியில்லை. இராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட வரியை ஒரு பென்சிலும் ஒரு மாலைப் பொழுதும் உள்ள எவரும் எழுதி நிரப்பிவிடலாம், அது மூலபாடமாகவே இருக்கும். அவருடைய கண்ணுக்குத் தப்பியது, அவருடைய தேற்றத்துக்குத் தப்பவில்லை. தமிழாசிரியனாகிய நமக்கு இதில் சற்றுப் பொறாமையும் உண்டு.

இராமானுஜனின் குறையைத் தோண்டி எடுத்துக் காட்டுவதாகச் சிலர் கருதக்கூடும். விழாவில் இதைப் பேசியிருந்தால் தலைமை தாங்கியவரின் முகம் கோணியிருக்கும். நமக்கு அவர்மேல் மதிப்பு மிகுந்ததே இதன் பிறகுதான். நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தள்ளுபடி செய்யப்பட்ட எத்தனையோ போட்டி எண்கள். அதில் ஒரே ஒன்று மட்டும் தப்பியது. கனவில் எழுதிக் காட்டப்பட்ட அட்டவணையில் வரி விடுபடாது. விடுபட்ட வரி இருப்பதால்தான், ஒருவர் உட்கார்ந்து, பெருக்கி, ஒப்பிட்டு, அடித்து, மறுபடி எழுதினார் என்று நமக்குத் தெரிகிறது. குளிர்நாட்டில், தாமே சமைத்துக்கொண்டு, போர்க்காலத்துத் தட்டுப்பாட்டில் அதைச் செய்தார்.

1729இன் கதையும் இந்த வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது. 12இன் கனமும் 1இன் கனமும் சேர்ந்தால் 1729. 10இன் கனமும் 9இன் கனமும் சேர்ந்தாலும் 1729. ஹார்டி வந்து சொன்ன நொடியில் மின்னலாய்த் தோன்றியது என்று நாம் மேடைகளில் முழங்குகிறோம். கேம்பிரிட்ஜ் நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த அவருடைய தாள்கள் பின்னர்க் கையெழுத்துப் படியாகவே அச்சாயின. இரு கனங்களின் கூட்டுத்தொகை மற்றொரு கனத்திலிருந்து ஒன்றே ஒன்று வேறுபடும் எண்களை வரிசையாக உருவாக்கும் முறையொன்று அந்த ஏட்டில் இருக்கிறது. 9, 10, 12 ஆகிய மூன்றும் அங்கே எடுத்துக்காட்டாக வருகின்றன. அந்த எண்ணோடு அவருக்கு வெறும் ஒருநாள் பழக்கமன்று. முட்டைக் கடைக்காரருக்குத் தட்டைத் தூக்கியவுடன் ஒரு முட்டை குறைவது தெரிந்துவிடும். வாடிக்கையாளர் வியப்பார், அவர் வியக்கமாட்டார். இராமானுஜன் 1919இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தபோது வயது 32. கடைசி ஆண்டில் படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்தத் தாள்களில் இருக்கிறது.

மறு பருவத்தில் அந்த மாணவியை அழைத்து, அட்டவணையின் அப்பகுதியை ஒரு தாளில் எழுதி, விடுபட்ட வரியின் இடத்தை வெற்றிடமாக விட்டுக் கொடுத்தோம். 13967553600இன் பகாக்காரணிகளை மட்டும் சொன்னோம். 'இதற்கும் இதன் 23 மடங்குக்கும் நடுவே ஒரு வரி இல்லை, எது என்று பார்' என்றோம். தாயாரைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து நான்கு பக்கங்களோடு வந்தாள். முதல் இரண்டு பக்கங்கள் முழுவதும் அடித்தல். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெருக்கல் பிழை; அதைத் தானே கண்டு வட்டமிட்டிருந்தாள். நான்காம் பக்கத்தில் 293318625600 இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நமக்கு வேலை மிச்சம். 21ஐக் கண்டுபிடிப்பதற்கு முன் 18, 20, 22 ஆகியவற்றாலும் பெருக்கிப் பார்த்திருக்கிறாள். மூன்று எண்களும் வேறு, பகாக்காரணிகளும் வேறு. ஆனால் மூன்றிலும் காரணிகளின் எண்ணிக்கை 4608 என்றே வந்திருக்கிறது. தப்புப் போட்டுவிட்டோமோ என்று ஒவ்வொன்றையும் இரண்டுமுறை சரிபார்த்ததாகச் சொன்னாள். ஓரத்தில் மூன்று 4608களையும் ஒரு கோட்டால் இணைத்து, "ஏன்?" என்று எழுதியிருந்தாள். நாமும் போட்டுப் பார்த்தோம், 4608தான் வருகிறது. தாளை வாங்கி மடித்துக்கொண்டு கணிதத்துறை அறைக்கு நடந்தோம். அவளும் பின்னாலேயே வந்தாள்.